பதிவேட்டில் ஏற வேண்டிய கண்கள்

மைசூரின் பழைய ஏழு மொஹல்லாக்களில் ஒன்றான மண்டி மொஹல்லாவில், சாடே ரோட்டில், 1906-ஆம் ஆண்டில் வெஸ்லியன் மிஷனரிகள் மேரி ஹோல்ட்ஸ்வொர்த் என்ற அம்மையாரின் ஞாபகார்த்தமாக ஸ்தாபித்த ஆஸ்பத்திரியை ஊர் ஜனங்கள் இன்றைக்கும் மிஷன் ஆஸ்பத்திரி என்றே சொல்லி வருகிறார்கள். அங்கே பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்கள் 1934 முதல் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தார்கள். பிறந்த குழந்தை ஒவ்வொன்றையும் தராசில் இட்டு எடை பார்த்து, தலை முதல் குதிகால் வரை நீளம் அளந்து, தலையின் சுற்றளவையும் எடுத்து, தாயின் பெயரோடு பேரேட்டில் எழுதி வைத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை, தனவந்தர் வீட்டுப் பிள்ளை என்ற பேதமின்றி, நோஞ்சானாகப் பிறந்ததா கொழுகொழுவென்று பிறந்ததா என்றும் பாராமல், எல்லாரையும் ஒரே விதமாக அளந்து எழுதிய அந்த எழுத்து பிற்காலத்தில் யாருக்கு எதற்காக உபயோகப்படும் என்பது எழுதிய கைகளுக்கே தெரிந்திருக்க நியாயமில்லை.

ஏறக்குறைய அறுபது வருஷங்கள் கழித்து, இங்கிலாந்தில் ஸதாம்ப்டன் நகரத்து ஆராய்ச்சியாளரான டாக்டர் கரோலின் ஃபால் முதலானோர், இவ்வூர் வைத்தியர்களோடு சேர்ந்து, அந்தப் பேரேடுகளில் குழந்தைகளாக எழுதப்பட்டிருந்தவர்களை நடுவயது மனிதர்களாக வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பிறந்தபோது எடை குறைந்திருந்தவர்களுக்கு இருதய நோய் அதிகம் என்று 1996-இல் லான்செட் பத்திரிகையில் பிரசுரமாயிற்று. சர்க்கரை வியாதியைப் பற்றி 1998-இல் வெளிவந்த முடிவோ எதிர்பாராததாக இருந்தது. சிறுத்துப் பிறந்த குழந்தைக்கே பிற்காலத்தில் சர்க்கரை வரும் என்று ஐரோப்பாவில் நிர்ணயித்திருந்தார்கள். இங்கே பரிசோதிக்கப்பட்ட 506 பேரிடமோ, நீளத்தில் குட்டையாகவும் அந்த நீளத்துக்குப் பருமனாகவும் பிறந்தவர்களிடமும், கர்ப்ப காலத்தில் எடை கூடியிருந்த தாய்மாரின் பிள்ளைகளிடமும் அந்த வியாதி மிகுந்து காணப்பட்டது. தாயின் ரத்தத்திலேயே அன்று சர்க்கரை ஏறியிருந்திருக்குமோ என்ற சந்தேகம், முடிவு அச்சேறுவதற்கு முன்பே அதிலிருந்து பிறந்து, 1997-இல் அதே ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் பெற்ற பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த மற்றோர் ஆராய்ச்சிக்கு வித்திட்டது.

இந்த விருத்தாந்தத்தை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை வியாதி மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடிய உலகத்து அறிஞர்கள் இந்த மொஹல்லாவின் குழந்தைகளிடம் பாடம் கற்றிருக்க, அதே வியாதி நம்மவர்களின் கண்களை என்ன செய்கிறது என்பதை வருஷா வருஷம் ஒருவர் விடாமல் அழைத்துப் பார்த்து எழுதி வைக்கும் ஏற்பாடு நம் தேசத்தில் இன்னும் ஏற்படவில்லை. என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் இடத்திலேயே விழித்திரையையும் பார்க்க வேண்டும், நோயாளி வந்து பார்வை மங்குகிறது என்று முறையிடும் வரையில் காத்திருப்பதை வைத்தியம் என்று நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

முறையீடு என்பதே இந்த நோயில் காலம் கடந்து வருவது. கண்ணின் பின்சுவரில் பரவியிருக்கும் விழித்திரையின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில், அவற்றின் சுவரைத் தாங்கி நிற்கும் உயிரணுக்கள் சர்க்கரையின் மிகுதியால் முதலில் அழிகின்றன. தாங்கல் போன இடம் புடைக்கிறது. புடைத்த இடத்திலிருந்து நீரும் கொழுப்பும் கசிகின்றன. வேறு சில குழாய்கள் அடைபட்டுப் போக, அவற்றுக்கு அப்பால் பிராணவாயு கிடைக்காமல் தவிக்கும் பகுதி, புதிய குழாய்கள் முளைக்கும்படி ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அப்படி முளைப்பவை வலுவற்றவை ஆதலால், ஒரு நாள் காலையில் எழுந்து முகம் கழுவும்போதோ, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும்போதோ, அவற்றில் ஒன்று பிளந்து கண்ணுக்குள்ளே ரத்தம் பரவி, கறுப்பு நூல்களும் புகையும் மிதப்பதாக மனிதனுக்குத் தோன்றுகிறது. அந்தக் காலை வரும் வரையில், வருஷக்கணக்காக, வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிவதில்லை. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கூடத் தடையின்றி வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் விழித்திரையில் இத்தனையும் நடந்துகொண்டிருக்கலாம்.

கசிந்த நீர் விழித்திரையின் நடுமையத்தில் தேங்கும்போது ஏற்படும் கஷ்டம் வேறு விதமானது. இந்த வட்டாரத்தில் ஈட்டி மரத்தில் பதிப்பு வேலை செய்யும் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள். பல நிற மரங்களின் மெல்லிய சீவல்களை நூல் போன்ற ரம்பத்தால் அறுத்து, யானையின் தந்தத்துக்கும் தசரா ஊர்வலத்து அம்பாரிக்கும் மரத்தில் பள்ளம் பறித்து, அதில் மயிரிழையும் பிசகாமல் பதிக்கும் அந்த வேலையில் முதிர்ந்த ஒருவரை நான் அறிவேன். தம் கையில் குறை வந்துவிட்டதென்றே அவர் பல மாதங்கள் நினைத்திருந்தார். கோடு நேராக இருப்பதாக எண்ணி அறுத்த இடம் வளைந்து வந்தது. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் இல்லாத இடைவெளி தெரிந்தது, இருந்த இடைவெளி தெரியாமல் போயிற்று. பலாவின் மஞ்சளும் அதைவிட வெளிறிய மரமும் ஒன்றாகத் தோன்றின. அவர் மகன் பட்டறையில் இன்னொரு விளக்கை மாட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு கண்ணாடிக் கடைக்குப் போய் நம்பர் மாற்றிக்கொண்டார். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் உப்பி வடிவதால் நம்பரும் மாறி மாறி வரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாற்றிய கண்ணாடியும் சரிப்படாமல் இன்னொரு கண்ணாடி வந்தது. அப்புறம் புரையாக இருக்கும் என்றார்கள். புரையும் கொஞ்சம் இருக்கத்தான் இருந்தது. புரை எடுத்தும் கோடு நிமிராதபோதுதான் கண்மணியை விரித்து உள்ளே பார்த்தார்கள். அவர் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கத் தொடங்கிப் பதினோரு வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தப் பதினோரு வருஷங்களில் மாதந்தோறும் விரலில் குத்தி ரத்தம் பார்த்தவர்களில் எவருக்கும் அவருடைய கண்ணின் உட்புறத்தைப் பார்க்க வேண்டிய கடமை என்று ஒன்று விதிக்கப்பட்டிருக்கவில்லை.

இதில் அந்த மனிதரின் அசிரத்தை என்று எதைச் சொல்வது? நாற்பது வயதுக்கு மேல் நம் ஊரில் பார்வை மங்கினால் வெள்ளெழுத்து, அறுபதுக்கு மேல் மங்கினால் புரை என்று எல்லாருக்கும் பழகிப் போயிருக்கிறது; அதற்கு மேல் சந்தேகிக்க வேண்டியது வைத்திய ஸ்தாபனங்களின் பொறுப்பு. ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றக் கண்ணின் குறையை அது மறைத்தும் விடும். இங்கே வசிப்பவர்கள் அசோகா ரோட்டில் போகும்போது, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, செயின்ட் பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களை மற்றக் கண்ணால் பார்த்து, பிறகு கையை மாற்றிப் பார்ப்பது நல்லது. கோபுரம் இடையில் வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் அன்றைக்கே விழித்திரை வைத்தியரிடம் போக வேண்டும். நேராகத் தெரிந்துவிட்டதனால் நோயில்லை என்று மட்டும் யாரும் திருப்தி அடைந்துவிடக் கூடாது. கோபுரம் வளையும் வரையில் சும்மா இருந்தது போதும் என்பதற்காகத்தானே இவ்வளவும் எழுதுகிறேன்.

நிவாரணம் இல்லாத நோயாக இருந்தால் முன்கூட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று வாதிக்கலாம். ஆனால் நிவாரணம் கண்டுபிடிக்கப்பட்டு அரை நூற்றாண்டு ஆகிறது. 1945-இல் தோன்றிய சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரையில் சூடு பட்டவரைப் பரிசோதித்த ஜெர்மனியின் மேயர் ஷ்விக்கரத் என்ற கண் வைத்தியர், சுட்ட இடம் தழும்பாகி இறுகுவதைக் கவனித்து, அந்தச் சூட்டையே சிகிச்சையாக்கலாமே என்று எண்ணி, சூரிய ஒளியைக் கருவிகளால் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். அந்த முயற்சியே வளர்ந்து பின்னாளில் லேசரில் வந்து நின்றது. புதுக் குழாய்கள் முளைத்த விழித்திரைக்கு உரிய காலத்தில் லேசர் வைத்தால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த பெரிய பரிசோதனை 1976-இல் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தது. அதே 1976-இல்தான் நம் மத்திய சர்க்கார் குருட்டுத்தன்மைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே ஆண்டில்தான் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அந்நாளில் புரையே பெரும் பகையாக இருந்தபடியால் நம் முயற்சி எல்லாம் அதன் மேல் சென்றது நியாயமே. அந்தப் பகையோடு லட்சோப லட்சம் அறுவைகளால் போரிட்ட தேசம், இரண்டாவது பகை வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதைக் கவனித்துத் தன் ஏற்பாடுகளைத் திருத்திக்கொள்ளாததுதான் நியாயமாகவில்லை.

சென்னையில் டாக்டர் மோகன் அவர்களின் குழுவினர் நடத்திய ஆராய்ச்சியும் சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சியும், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவில் விழித்திரை நோய் இருப்பதாகக் கண்டன. இந்தியாவில் சர்க்கரை வியாதியஸ்தர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு 2023-இல் வெளிவந்தது. அந்தப் பதினெட்டில் உடனே சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரையையும், அதற்குக் குறையாத முக்கியத்துவத்தோடு ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தி வைத்தாலே நோய் நடை தளர்ந்துவிடும். பிரிட்டனில் 1998-இல் முடிவு வெளியான நீண்ட ஆராய்ச்சி அழுத்தத்தைப் பற்றிய இந்த விஷயத்தை ஸ்தாபித்தது. ஆனால் அந்தச் சிலர் யார் என்பதை எல்லாரையும் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை.

எல்லாரையும் பார்த்த தேசங்கள் உண்டு. ஐஸ்லாந்து 1980 முதலே சர்க்கரை உள்ளவர்களை வரிசையாக அழைத்துக் கண் பார்க்கத் தொடங்கி, இதனால் நேரும் குருட்டுத்தன்மையை மிக அபூர்வமாக்கிற்று. இங்கிலாந்து 2003-இல் தேசம் முழுவதற்கும் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. பேர் பேராகக் கடிதம் போய், விழித்திரைப் படம் எடுக்கப்பட்டு, வராதவருக்கு மீண்டும் கடிதம் போகிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், உழைக்கும் வயதினர் பார்வை இழக்கும் காரணங்களில் ஐம்பது ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த இந்த நோய், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த இடத்தை விட்டு இறங்கியது. அந்தக் கடிதத்தையும் அந்தப் பட்டியலையும்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அங்கே நோயாளி கண் வைத்தியரைத் தேடி அலையவில்லை, ஸ்தாபனம் நோயாளியைத் தேடுகிறது.

பணக்கார தேசங்களின் கதை நமக்கு ஒத்து வராது என்பவர்களுக்கு நம் கர்நாடகத்திலேயே பதில் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் விழித்திரை கெட்டுப்போவதைத் தடுக்க, பெங்களூரின் நாராயண நேத்ராலயா 2008-இல் கிட்ராப் என்ற திட்டத்தைத் தொடங்கி, வைத்தியரல்லாத பயிற்சி பெற்ற ஊழியர்களிடம் காமிராவைக் கொடுத்து ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி, அவர்கள் எடுக்கும் படங்களைத் தொலைவிலிருந்து நிபுணர்கள் பார்த்துச் சொல்லும்படி செய்தது. கையில் அடங்காத சிசுவின் கண்ணைப் படம் எடுக்க முடிந்தவர்களுக்கு, நாற்காலியில் அமர்ந்து சொன்னபடி கேட்கும் பெரியவரின் கண் எம்மாத்திரம்? கேரளத்தில் நயனாமிர்தம் என்ற பெயரால் திருவனந்தபுரத்துக் குடும்ப ஆரோக்கிய மையங்களில் நர்ஸுகளே விழித்திரைப் படம் எடுக்கும் முறையைச் சர்க்காரே நடத்திக் காட்டியிருக்கிறது. கையில் பிடிக்கும் காமிராவைப் பெங்களூரிலேயே தயாரிக்கிறார்கள். அரவிந்த் ஆஸ்பத்திரியும் சங்கர நேத்ராலயாவும் கூகுளோடு சேர்ந்து, நோயுள்ள படத்தைக் கம்ப்யூட்டரே பிரித்துக் காட்டும் முறையை 2016-இலேயே உலகத்துக்கு முன் வைத்தன. இத்தனை சாதனங்களையும் ஆக்கித் தந்த தென்னிந்தியாவில், நமக்கு அருகிலுள்ள ஆரோக்கிய கேந்திரத்தில் விரலில் குத்திவிட்டு மாத்திரை அட்டையைக் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வதற்கு எந்தச் சமாதானமும் போதாது.

ஒரு ஆட்சேபம் மட்டும் கனமானது. கண்டுபிடித்தவர்களுக்கெல்லாம் சிகிச்சை கொடுக்க வசதி எங்கே என்கிறார்கள். நடுமையத்தின் வீக்கத்துக்கு இப்போது கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். ஆரம்பத்தில் மாதம் ஒன்றாக, பலவற்றைத் தவறாமல் போட்டாக வேண்டும். கூலி வேலை செய்கிறவருக்கு அன்றைய சம்பளம் போகிறது. கூட வருகிற மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைய வேலை போகிறது. விலையுயர்ந்த மருந்தாக இருந்தால் வைத்திருந்த நகையும் போகிறது. இரண்டு ஊசியில் பார்வை பழையபடி வரவில்லை என்று மனம் வெறுத்து நின்றுவிடுகிறவர்கள் அநேகர். இந்த ஊசி பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றவும் ஓரளவு மீட்கவும் மட்டுமே வல்லது என்பதை முதல் நாளே அவர்களுடைய பாஷையில், அவசரமில்லாமல், உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது தொடர்ந்து வந்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப் என்ற மருந்தை ஒரு குப்பியிலிருந்து சிறு சிறு அளவாகப் பிரித்துக் கண்ணுக்கு உபயோகிக்கும் முறையால் செலவு பல மடங்கு குறைந்திருக்கிறது. அதைச் சுத்தமாகப் பிரித்துக் கொடுக்கும் வசதியை சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பலப்படுத்துவது கைக்கு எட்டாத காரியமன்று. மேலும், சீக்கிரத்தில் கண்டுபிடிக்கப்பட்டவருக்கு ஊசி தேவைப்படுவதே குறைவு என்பதால், இந்த ஆட்சேபமே முன்கூட்டிப் பார்ப்பதற்குச் சாதகமாகத் திரும்புகிறது.

பார்வை குறைந்தே போய்விட்டவர்களை இந்தப் பேச்சில் மறந்துவிடுவது பெரிய அநீதி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லும் வாக்கியம், வைத்திய சாஸ்திரத்தைப் பொறுத்தவரை உண்மையாயினும், வாழ்க்கையைப் பொறுத்தவரை உண்மையன்று. வெள்ளைத் தட்டில் வைத்த வெள்ளைச் சோறு தெரியாதவருக்குக் கருநிறத் தட்டில் வைத்தால் தெரிகிறது. மாடிப்படியின் விளிம்புகளில் மஞ்சள் சாயம் தீட்டினால் விழாமல் இறங்குகிறார். இன்சுலின் ஊசிக் குழாயின் சிறு கோடுகளைக் காண முடியாமல் மருமகள் சமையலறையிலிருந்து வரும் வரை பசியோடு காத்திருக்கும் மாமியார், திருகும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் சத்தம் கேட்கும் பேனாவைக் கொடுத்தால், எண்ணித் தாமே போட்டுக்கொள்ளப் பழகிவிடுகிறார். ஆரம்பத்தில் சில நாள் பக்கத்தில் ஒருவர் இருந்து சரி பார்த்தால் போதும். செல்போன் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் வாசித்துக் காட்டுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முழுக் குருட்டுத்தன்மையை மட்டுமின்றிக் குறைபார்வையையும் ஒரு குறைபாடாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்குக் கீழே போனவர் அந்த வரையறைக்குள் வருகிறார், குறைபாட்டின் சதவிகிதத்தைப் பொறுத்து அவருக்குச் சலுகைகளும் உண்டு. இதை லேசர் வைக்கிற அறையிலேயே சொல்லி, விண்ணப்பத்தையும் அங்கேயே பூர்த்தி செய்து கொடுப்பதற்கு யாராவது ஒருவர் நியமிக்கப்பட வேண்டும்.

மண்டி மொஹல்லாவைப் பொறுத்தவரை நான் கேட்பது அதிகமில்லை. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் வீடுகளுக்கு ஆஷா ஊழியர்கள் ஏற்கெனவே படிவத்தோடு போய்ச் சர்க்கரை, அழுத்தம் விசாரிக்கிறார்கள். அந்தப் படிவத்தில் விழித்திரைப் படம் எடுத்த தேதி என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும், அது காலியாக இருக்கிறவர்களின் பட்டியல் மாதந்தோறும் தயாராக வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலேயே முதல் படம், அப்புறம் வருஷத்துக்கு ஒன்று; சர்க்கரையோடு கர்ப்பம் தரித்த பெண்ணுக்கு ஆரம்ப மாதங்களிலேயே ஒன்று. 2022-இல் மாநிலமெங்கும் திறக்கப்பட்ட, நம்ம கிளினிக் என்ற பெயருள்ள வைத்திய நிலையங்களில் சிலவற்றுக்காவது ஒரு காமிராவைச் சுற்றில் விட வேண்டும். தொழுகைக்கும் தேவாலயத்துக்கும் போகிற நேரங்களான வெள்ளிக்கிழமை நடுப்பகலிலும் ஞாயிறு காலையிலும் முகாம் வைத்தால் இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் வர முடியாது. பட்டறைகளும் கடைகளும் திறக்குமுன் காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க எப்படியும் வந்து வரிசையில் நிற்கிற அந்த நேரத்தில், ரத்தம் எடுக்கும் மேஜைக்கு அடுத்த மேஜையில் காமிரா இருக்க வேண்டும்.